ஆகஸ்ட் 22: மெட்ராஸ் டேக்கு மேடை கிடையாது, தெருதான்!

ஹாஸ்டல்ல இருக்கிற நம்மில் பலருக்குச் சென்னைன்னா என்ன? சென்ட்ரல், கோயம்பேடு, மெரினா, ரெண்டு மால். நாலு வருஷம் இங்கேயே இருந்துட்டு, டிகிரியோட கிளம்பும்போதும் இந்த ஊர் நமக்குத் தெரியாமலேயே இருக்கும். அதை மாத்திக்க ஒரு நல்ல சாக்கு இருக்கு: மெட்ராஸ் டே.

1639 ஆகஸ்ட் 22-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்கு தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கர் கடற்கரையோரம் ஒரு நிலத்துண்டைக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அங்கேதான் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழுந்தது. 2004-ல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூவரும் இந்த நாளைக் கொண்டாடத் தொடங்கினார்கள். ஒரு நாள்னு ஆரம்பிச்சது, வாரமாகி, மாதக் கணக்கில் நீண்டுடுச்சு.

இதுல ஸ்பெஷல் என்னன்னா, யார் வேணும்னாலும் நிகழ்ச்சி நடத்தலாம். ஒருத்தர் தன் தெருவைச் சுத்திக் காட்டுவார். ஒரு பள்ளி வினாடி வினா வைக்கும். இன்னொரு இடத்தில் பழைய போட்டோ கண்காட்சி, பேச்சு, பாட்டு.

"கம்பெனிக்காரன் நிலம் வாங்கின நாளை நாம ஏன் கொண்டாடணும்?" நியாயமான கேள்விதான். 7-ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் மயிலாப்பூரைப் பாடியிருக்கிறார். தேதியே ஆகஸ்ட் இல்லை, ஜூலை 22 என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஆனா தேதியைவிட, அன்னைக்கு யார் கதை சொல்றாங்க என்பதுதான் முக்கியம். கோட்டையை மட்டும் சுத்தினா கம்பெனி கதைதான் கிடைக்கும். நெசவாளர்களைக் குடியேற்றி உருவான சிந்தாதிரிப்பேட்டை, மீனவர்களின் காசிமேடு... இங்கேயும் யாராவது நடந்தாத்தான் அந்தக் கதைகள் வெளியே வரும்.

பொறியியல் மாணவர்களான நமக்குன்னே ஒரு ரூட் இருக்கு. கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் ஒரு சர்வே பள்ளியாகத் தொடங்கியது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பரங்கிமலை. 1802-ல் வில்லியம் லாம்டன் அந்தப் பக்கம் அளந்த அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வே வளர்ந்தது. அடுத்து வடக்கே ராயபுரம்: 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ஸ்டேஷன். சர்வே கிளாஸ்ல தியோடலைட்டோட மல்லுக்கட்டினவங்களுக்கு இந்த ரூட் வேற மாதிரி தெரியும்.

நீங்களே ஒரு நடை நடத்தணுமா? ஒரு கிலோமீட்டருக்குள்ள ஒரு ரூட் எடுங்க. முன்னாடியே ஒரு தடவை நடந்து பாருங்க. கூட்டத்தை 15, 20 பேரோட நிறுத்துங்க. வெயிலுக்கு முன்னாடி, காலையில 6.30-க்கே கிளம்பிடுங்க. வீடு, ஆள்னு போட்டோ எடுக்கும் முன்னாடி கேட்டுக்குங்க. முக்கியமா, கூகுள்ல படிச்சதை ஒப்பிக்காம, அந்தத் தெருவில் ரொம்ப நாளா இருக்கிற ஒரு பாட்டியையோ டீக்கடை அண்ணனையோ பத்து நிமிஷம் பேசச் சொல்லுங்க.

அடுத்த ஆகஸ்ட்ல காலேஜ் வாசல்ல இருக்கிற தெருவிலிருந்தே ஆரம்பிக்கலாமே. தினமும் அது வழியாத்தான் போறோம். அதோட பேர் எப்படி வந்துச்சுன்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?