கைமாறி வரும் ஏணி வண்டி

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் கொம்பில் பூசிய வண்ணத்தைக் கண்டு மயங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார். நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறார். பிறகுதான் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறார். அமெரிக்க நாட்டின் சிற்றூர்களில் தீயணைப்புப் படையினர் பழைய ஏணி வண்டி வாங்கும்போதும் இந்த விவேகமே வேண்டியிருக்கிறது. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. மாடு நோஞ்சானாக வாய்த்தால் பணம் போகும். ஏணி பழுதாக வாய்த்தால் உயிர் போகும்.

செல்வம் மிகுந்த நாட்டில் பழைய வண்டி எதற்கு என்று மாணவர்களாகிய நீங்கள் கேட்கலாம். 1736-ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியா நகரில் தீயணைப்புத் தொண்டர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். இன்றும் அந்நாட்டுத் தீயணைப்புப் படைகளில் மிகப் பெரும்பாலானவை முற்றிலுமோ பெரிதுமோ தொண்டர்களைக் கொண்டே நடைபெறுகின்றன. விருந்து நடத்தியும் நன்கொடை திரட்டியும் பொருள் சேர்க்கும் படைகள் பல. புதிய ஏணி வண்டியின் விலையோ பத்து இலட்சம் டாலரையும் கடந்துவிட்டது. ஆகவே, பெரிய நகரங்கள் கழித்து விற்கும் வண்டிகளைச் சிற்றூர்கள் நாடுகின்றன. இதில் இழிவு எதுவும் இல்லை. ஆராயாமல் வாங்குவதுதான் பிழை.

ஏணி வண்டியின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். வண்டியின் மேல் ஒரு சுழல்மேடை உண்டு. அதன்மீது, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய ஏணித் துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். எண்ணெயின் அழுத்த விசையால் அவை உயர்ந்து நீளும். ஏணி நீளும்போது வண்டி கவிழாதபடி இருபுறமும் தாங்குகால்கள் விரிந்து தரையில் ஊன்றிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியும் பம்பும் குழாய்ச் சுருளும் சேர்ந்தே அமைந்த வண்டிகளும் உண்டு.

வாங்குவோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, நம் ஊருக்கு எத்தனை அடி ஏணி தேவை என்பது. 1911 மார்ச் 25-ஆம் நாள் நியூயார்க் நகரில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியது. தீ எரிந்தவை எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகள். ஏணியோ ஆறாம் மாடி வரைதான் எட்டியது. 146 பேர் மாண்டனர். நீளத்தைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். நூறு அடி ஏணியை 60 பாகைச் சாய்வில் நிறுத்தினால், அது ஏறக்குறைய 87 அடி உயரமே எட்டும். அதன் அடிப்பகுதி சுவரிலிருந்து 50 அடி தள்ளி நிற்கும். நீங்கள் வகுப்பில் படிக்கும் முக்கோணக் கணக்குத்தான் இது. அதற்காக, உயரமான கட்டடமே இல்லாத ஊர் நூறு அடி ஏணிக்கு ஆசைப்படுவதும் அறிவுடைமை ஆகாது. வண்டியின் எடையை ஊர்ப் பாலம் தாங்குமா, நிலையத்து வாயிலில் அது நுழையுமா, தாங்குகால்களை விரிக்கத் தெருவில் இடம் உண்டா என்பவற்றையும் அளந்தறிய வேண்டும்.

இரண்டாவது, வண்டியின் வரலாறு. ஓடிய மைல் கணக்கு மட்டும் போதாது. தீ எரியும் இடத்தில் வண்டி நின்றபடியே மணிக்கணக்கில் இயந்திரம் ஓடும். எனவே, இயந்திரம் ஓடிய மணிக் கணக்கையும் கேட்டுப் பெறவேண்டும். டயரின் தேய்மானம் சிறிதாயினும், ஏழாண்டு கடந்ததை மாற்றிவிட வேண்டும் என்பது அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதி. 25 ஆண்டு கடந்த வண்டியை முன்வரிசைப் பணியிலும் கையிருப்பிலும் வைத்திராமல் மாற்றிவிடுமாறும் அச்சங்கம் பரிந்துரைக்கிறது.

மூன்றாவதும் தலையாயதும் ஏணியின் உடல்நலம். உருக்கு துருப்பிடிக்கும்; துரு கண்ணுக்குத் தெரியும். அலுமினியமோ கடும் வெப்பம் பட்டால், வெளித்தோற்றம் மாறாமலே வலிமை இழந்துவிடக்கூடும். அதனால்தான், வெப்பம் எல்லை மீறினால் நிறம் மாறும் பட்டைகளை ஏணியில் ஒட்டியிருக்கிறார்கள். அப்பட்டையைக் காணோம் என்றாலும், புதிதாக ஒட்டியிருக்கிறது என்றாலும் காரணம் கேட்க வேண்டும். பற்றவைத்த இடங்களில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஒளிந்திருக்கும். சாயம் தடவியும், காந்தத் துகள் தூவியும், செவிக்கெட்டாத ஒலியலைகளைச் செலுத்தியும் வல்லுநர் அவற்றைக் கண்டறிவர். ஆண்டுதோறும் ஒரு சோதனையும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை இவ்விதமான முழுச் சோதனையும் கட்டாயம். அச்சான்றுகளைத் தொடர்ச்சியாகக் காட்ட இயலாத விற்பனையாளரிடம், வாங்குவோரே நடுநிலையான வல்லுநர் ஒருவரை அமர்த்திச் சோதித்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும். அந்தச் செலவு வீண் செலவன்று.

புதிய ஏணியே ஆயினும் சோதனை தேவை என்பதற்குத் துயரமான சான்று ஒன்றுண்டு. 1875-ஆம் ஆண்டு செப்டம்பரில், நியூயார்க் நகரில் மக்கள் முன்னிலையில் உயர்த்திக் காட்டப்பட்ட மர ஏணி ஒன்று முறிந்தது. அதன்மேல் ஏறியிருந்த தீயணைப்பு வீரர் மூவர் உயிர் துறந்தனர். ஆளை ஏற்றிப் பார்ப்பது சோதனை அன்று. எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பதே சோதனை.

வாங்கியதோடு வேலை முடிவதில்லை. ஓட்டவும் உயர்த்தவும் பயிற்சி வேண்டும். பழுதுபார்க்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். அதற்கு வகையில்லாத ஊர், அடுத்த ஊரின் ஏணி வண்டியை உதவிக்கு அழைக்கும் உடன்பாடு செய்துகொள்வது நலம்.

நள்ளிரவில் புகை சூழ்ந்த சன்னலை நோக்கி ஏறும் தொண்டனுக்கு, தான் மிதிக்கும் படியைச் சோதித்துப் பார்க்க நேரம் இராது. அவனுக்காகப் பகல் வெளிச்சத்தில், பொறுமையாக, மற்றொருவர் சோதித்திருக்க வேண்டும். பொதுப்பணத்தில் பொருள் வாங்கும் பொறுப்பு நாளை உங்களுக்கும் வரலாம். அப்போது வண்ணப்பூச்சைப் பாராதீர்கள். அதன்மேல் ஏறப்போகிறவனை நினைத்துப் பாருங்கள்.