கள்ளக்கடலும் அலையின் இரு அளவுகளும்

பொன்முடி மலையுச்சியில் மேகம் அசையாது நிற்கும் நாளிலும், அதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரைக் குடியிருப்புகளுக்குள் கடல்நீர் புகுவதுண்டு. புயலுமில்லை, பலத்த காற்றுமில்லை. சொல்லாமல் வருவதால் கேரள மீனவர்கள் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்றனர். 2012-இல் யுனெஸ்கோவும் இப்பெயரை ஏற்றுக்கொண்டது. இக்கள்ளனை இனங்காண அலையின் இரு அளவுகளை அறிதல் வேண்டும்.

அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையிலான தொலைவு அலைநீளம் எனப்படும். நீர்மட்டம் தன் சமநிலையிலிருந்து உயரும் அல்லது தாழும் பெரும அளவு வீச்சு ஆகும். அகட்டிலிருந்து முகடு வரை நாம் காணும் உயரத்தில் இது பாதி. வீச்சு இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே மக்கள் உயர்ந்த அலைக்கு அஞ்சுகின்றனர். நீண்ட அலையைக் கவனிப்பதில்லை. ஆபத்து அங்குதான் உள்ளது.

ஆழ்கடலில் 6 வினாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் சுமார் 56 மீட்டர். 18 வினாடிக்கு ஒருமுறை வருவதோ ஏறத்தாழ 500 மீட்டர். காலம் மும்மடங்காக, நீளம் ஒன்பது மடங்காகிறது. அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதியளவு ஆழம் வரை எட்டும். ஆகவே முன்னது 28 மீட்டர் ஆழத்தில் உணரும் கடல்தரையைப் பின்னது 250 மீட்டர் ஆழத்திலேயே உணரத் தொடங்குகிறது. தரையை உணர்ந்த அலையின் வேகம் குறைகிறது, நீளம் சுருங்குகிறது, ஆற்றல் குறுகிய பரப்பில் திரள்வதால் வீச்சு பெருகுகிறது. நடுக்கடலில் படகோட்டி பொருட்படுத்தாத தாழ்ந்த அலை, கரையருகே சுவராக எழுவது இவ்வாறே.

இவ்வலைகளின் பிறப்பிடம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி. 18 வினாடி அலைத்தொகுதி மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 6,000 கிலோமீட்டரைக் கடக்க ஐந்து நாட்களாகும். அந்த ஐந்து நாட்களே முன்னறிவிப்புக்குக் கிடைக்கும் அவகாசம். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கென 2020-இல் ஒரு முன்னறிவிப்பு முறையைத் தொடங்கியது. ஆயினும் 2024 மே 6 அன்று, எச்சரிக்கை நடப்பிலிருந்தபோதே, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையொன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி மாண்டனர். ஓராள் உயரத்துக்கும் குறைந்த அலை என்று கேட்பவர் அஞ்சாதிருப்பதில் வியப்பில்லை. உயரத்தோடு அலையின் கால இடைவெளியையும் உள்ளூர் வழக்கில் விளக்கிப் படகுத்துறைகளில் எழுதி வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

கரை நெருங்குகையில் நீளமும் வீச்சும் மாறினும் அந்த இடைவெளி மாறுவதில்லை. ஆகவே கைக்கடிகாரமே போதும்: முகடுகள் 15 வினாடிக்கும் மேலான இடைவெளியில் தொடர்ந்து வந்து உடையுமாயின், அவை தொலைகடலிலிருந்து வந்தவை.