வழியில் பாம்பைக் கண்டால்...

பெரட்டுக்கு நேரமாச்சு என்று விடியுமுன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் தோழர்களே, தாய்மார்களே!

கெர்லிங் வட்டாரத்துச் செம்பனைக் காட்டுப் பாதையில் நாம் தனியாகப் போவதில்லை. காட்டுப்பன்றி குறுக்கே ஓடும். குரங்கு சாப்பாட்டுப் பையைக் குறிவைக்கும். உடும்பு சாவகாசமாய் நடந்து போகும். கொஞ்சம் நின்று வழிவிட்டால் இவை தம் வழியே போய்விடும். பன்றி குட்டிகளோடு நின்றால் மட்டும் நடுவே புகுந்து போகாதீர்கள்.

உயிருக்கு உலை வைக்கக் கூடியது பாம்புதான். உதிர்ந்த பழத்தைத் தின்ன எலி வருகிறது; எலியைத் தேடி நாகம் வருகிறது. வெட்டி அடுக்கிய மட்டைகள் அதற்கு நல்ல மறைவிடம்.

சின்ன வயதில் நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் லயத்து மாமா ஒருவர் பால்வெட்டுக்குப் போகையில் நாகத்தைக் கண்டார். சும்மா போயிருக்கலாம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு அடிக்கப் போனார். கணுக்காலில் கடி விழுந்தது. கயிற்றால் காலை இறுக்கிக் கட்டி, சைக்கிளை மிதித்தே லயத்துக்கு வந்தார். வேப்பிலை அடித்தார்கள், மந்திரித்தார்கள். மதியத்துக்குள் கண்ணிமை தொங்கிவிட்டது. அப்புறம்தான் லாரி பிடித்து ஆஸ்பத்திரி போனார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் காலில் சதை அழுகி, பல மாதம் வேலையில்லாமல் கிடந்தார்.

"மந்திரிச்சு எத்தனையோ பேர் பிழைச்சிருக்காங்களே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1950, 60களில் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட் இதை ஆராய்ந்தார். விஷப்பாம்பு கடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விஷம் ஏறவே இல்லை, அல்லது மிகக் கொஞ்சமே ஏறியிருந்தது என்று கண்டார். பாம்பு கடிக்கும்போதெல்லாம் விஷத்தை இறக்குவதில்லை. அப்படிப்பட்டவர் எந்த வைத்தியமும் இல்லாமலே பிழைத்திருப்பார்; பேர் மட்டும் மந்திரத்துக்குப் போகிறது. விஷம் ஏறியவருக்கோ ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். யாருக்கு ஏறியது என்று லயத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியவை:

1. பாம்பை விட்டு விலகி உட்காருங்கள். சைக்கிளை மிதிக்காதீர்கள், ஓடாதீர்கள். தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும்.

2. மோதிரம், கொலுசு, பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீக்கம் வந்தால் இறுக்கும்.

3. கடிபட்ட காலையோ கையையோ ஒரு கட்டை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். கயிறு கட்டி இறுக்குவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை, சாராயம் எதுவும் வேண்டாம்.

4. 999-க்குக் கூப்பிடுங்கள், அல்லது தோட்டத்து வண்டியில் நேரே கோலகுபு பாரு அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் போடுவார்கள். தோட்டத்து டிரஸ்ஸரிடம் காத்திருக்காதீர்கள்.

5. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தூர நின்று கைத்தொலைபேசியில் பாம்பைப் படம் எடுங்கள். அதைத் துரத்திப் பிடிக்க வேண்டாம்.

நம் பக்கத்து நாகம் விஷத்தைக் கண்ணில் துப்பவும் செய்யும். உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது கண்ணைக் கழுவிக்கொண்டே இருங்கள். கசக்காதீர்கள். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள்.

கடி வராமல் தடுப்பது இன்னும் சுலபம். சைக்கிளுக்கு நல்ல விளக்கு, காலுக்கு நீள பூட்ஸ், நடுப்பாதையில் பயணம். பாம்பைக் கண்டால் நன்றாகத் தள்ளி நில்லுங்கள், அது போகட்டும். ஐந்து நிமிடம் பிந்திப் போனால் மண்டோர் திட்டுவார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டப்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும் வரும் வழியில் நேரும் விபத்தும் வேலை விபத்தாகக் கருதப்படும். ஆகவே நிர்வாகத்திடம் உடனே சொல்லிப் பதிவு செய்யுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். தகராறு வந்தால் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.

இந்தப் பக்கத்தை வீட்டில் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். பள்ளிக்கு அவர்களும் அதே பாதையில்தான் சைக்கிளில் போகிறார்கள்.