மருந்து செய்த தீங்கை மறைக்கலாமா?

திருத்தணிகை முருகன் சினம் தணிந்த தலம் என்பர். நோய் தணிந்தவுடன் 365 படிகளையும் ஏறிப் பிரார்த்தனை செலுத்துவோர் இங்கே அநேகர். நலம் பெற்றதைச் சுவாமியிடம் சொல்ல மறவாத நம் ஜனங்கள், உண்ட மருந்தே தீங்கு செய்தால் மட்டும் ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை. "உடம்புச் சூடு" என்று சமாதானம் கூறிக்கொள்கிறார்கள். தடிப்பு மறைந்ததும் விஷயமும் மறைந்துபோகிறது.

இம்மௌனம் பிறருக்குக் கேடு என்பதே நாம் சொல்ல விரும்புவது.

புதிய மருந்து கடைக்கு வருமுன் சில ஆயிரம் பேரிடமே பரீட்சிக்கப்படுகிறது. பதினாயிரத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கு அப்போது தென்படாமற்போகலாம். பல லட்சம் பேர் உட்கொண்ட பின்னரே வெளிப்படும். ஐரோப்பாவில் கர்ப்பிணிகள் உண்ட தாலிடோமைடு என்னும் மருந்தினால் உலகில் பதினாயிரம் குழந்தைகளுக்கு மேல் அங்கஹீனமாய்ப் பிறந்தன. வைத்தியர் சிலர் தாம் கண்டதைத் தெரிவித்த பின்பே, 1961-இல் ஜெர்மனியில் அதன் விற்பனை நின்றது.

நம் நாட்டிலும் 2010-இல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கிற்று. காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்துத்தர ஆணையம் 2011 முதல் அதை நடத்திவருகிறது. மாதவிடாய் வலிக்குப் பெண்கள் பலர் உண்ணும் மெஃபெனமிக் அமிலத்தைப்பற்றி 2023 நவம்பரில் அது ஓர் எச்சரிக்கை விடுத்தது. காய்ச்சல், தோல் தடிப்பு, நெறி கட்டுதல், உள்ளுறுப்புக் கேடு ஆகியவை சேர்ந்த கொடிய ஒவ்வாமை, மருந்துண்டபின் இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் அரிதாக உண்டாகலாம் என்பதே அது. வந்து சேர்ந்த அறிக்கைகளை ஆராய்ந்தே ஆணையம் இம்முடிவுக்கு வந்தது. இத்தனை வாரங்கழித்து வரும் நோயை யார் மாத்திரையோடு சேர்த்து எண்ணுவார்?

ஆகவே நேயர்கள் செய்யவேண்டியது யாது? முதலில் வைத்தியரைக் காணவேண்டும். நெடுநாள் மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. மாத்திரை அட்டையை எறியாமல் வைத்திருக்கவேண்டும். மருந்தின் பெயர், உண்ட அளவு, தொடங்கிய நாள், தீங்கு கண்ட நாள் இவற்றைக் குறித்துக்கொண்டு, 1800-180-3024 என்ற கட்டணமில்லாத தொலைபேசியில் நோயாளியே தெரிவிக்கலாம். எழுதி அனுப்பத் தமிழிலும் தெலுங்கிலும் படிவம் உண்டு. மருந்தே காரணமென்று நிரூபிக்கவேண்டியதில்லை, சந்தேகமே போதும்.

1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. ஆனால் மாத்திரைக்கு எல்லை ஏது? இங்கே ஒருவர் சொல்லும் சொல், அங்கே ஒரு குழந்தையைக் காக்கலாம்.