உங்களுக்குத் தெரியுமா? கினிப்பன்றியின் சொறி

மீட்டு வந்த கினிப்பன்றிக்கு முதுகில் முடி கொட்டி, தோல் செதில் செதிலாக உரிகிறதா? டிரிக்ஸாகாரஸ் கேவியே என்னும் சொறிப்பூச்சியின் வேலையாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கும். அரிப்பு முற்றினால், தொட்டாலே அந்தச் சின்ன உயிர் வலிப்பு வந்ததுபோல் துடித்துப்போகும். பாவம், குளிப்பாட்டி மேலும் வதைக்காதீர்கள். கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தரும் ஐவர்மெக்டின் என்னும் மருந்தில் இது குணமாகும். முட்டையிலிருந்து புதிதாக வரும் பூச்சிகளும் சாக, இடைவெளிவிட்டு மறுபடியும் கொடுக்க வேண்டும்.

மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. அது குறைந்தால் புண் ஆறாது. தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுங்கள். வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையோ என்று பாருங்கள், அது நமக்கும் தொற்றும். வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலினை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்: வாய்வழிப் பென்சிலின் வகை மருந்துகள் இதன் குடலைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும்.