கோரையும் கோதுமையும்: பொருநைக் கரையின் இரு கைவண்ணங்கள்

சுவையான உணவின்பால் விருப்பம், அழகிய பொருள்களின்பால் நாட்டம், அருகிலுள்ள நகரைச் சுற்றிக் காண்பதில் ஆர்வம் ஆகிய மூன்றும் மாந்தர்க்கு இயல்பாக அமைந்தவை. எனினும், கல்வி கற்போர் இவற்றை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதலே பெருவழக்காக உள்ளது. தமிழ் மரபு அவ்வாறு தள்ளவில்லை. நாவால் நுகர்வதற்கும் கவிதையில் நுகர்வதற்கும் 'சுவை' என்னும் ஒரே சொல்லை நம் முன்னோர் ஆண்டனர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர் சுவையை விளக்கப் புகுங்கால், வேம்பையும் நாவையும் எடுத்துக்காட்டாகக் கொண்டனர். வேம்பு தனித்திருப்பின் கசப்பு இல்லை. நா தனித்திருப்பினும் இல்லை. பொருளும் புலனும் கூடுமிடத்தே சுவை பிறக்கிறது. இவ்விளக்கம் கைவினைப் பொருள்களுக்கும் முற்றிலும் பொருந்துவதாகும். நுட்பமான பொருள் ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அதன் நுட்பத்தை உணரும் கண்ணும் விரலும் வேண்டும். அவை இல்லாதவிடத்துப் பொருளும் நாளடைவில் இல்லாமற் போகும். இக்கருத்தை நெல்லைச் சீமையின் இரண்டு பொருள்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாணவர்கள் விடுமுறை நாளில் நெல்லை நகருக்குச் சென்று வருவதுண்டு. நெல்லையப்பர் திருக்கோயிலின் இசைத்தூண்களைக் காண்பர். சுலோசன முதலியார் தம் பொருளைக் கொண்டு அமைத்து 1843ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாலத்தைக் கடப்பர். திரும்புங்கால் கையில் ஓர் அல்வாப் பொட்டலம் இருக்கும். அப்பாலத்தின் நடுவில் நின்று கீழே ஓடும் ஆற்றைச் சற்று நோக்குவாராயின், கையிலுள்ள பொட்டலத்திற்கும் அவ்வாற்றிற்கும் உள்ள உறவு புலப்படும். இலக்கியம் பொருநை எனப் போற்றும் தாமிரபரணியே அது.

'அல்வா' என்பது அரபு மொழியின் 'ஹல்வா' என்னும் சொல். இனிப்பு என்பதே அதன் பொருள். கடல் கடந்து வந்த அச்சொல் இன்று ஓர் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. சம்பாக் கோதுமையை நீரில் ஊறவைத்து, அரைத்து, பிழிந்து பால் எடுப்பர். சக்கையை நீக்கிவிட்டுப் பாலை அசையாது வைத்திருப்பர். மேலே தெளியும் நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கும் செறிவான பாலைச் சர்க்கரையுடன் சேர்த்து அடுப்பிலேற்றிக் கிண்டுவர். நெய்யைச் சிறிது சிறிதாக வார்ப்பர். கிண்டுவதற்கு வலிமை வேண்டும் என்பது எல்லோர்க்கும் தெரியும். ஊறலிலும் தெளிதலிலும் காத்திருக்கும் பொறுமையே இப்பண்டத்தின் பாதி என்பதைப் பலர் எண்ணுவதில்லை. தாமிரபரணித் தண்ணீரே இச்சுவைக்குக் காரணம் என்பது நெல்லை மக்களின் உறுதியான நம்பிக்கை. கடைகளின் முன் நிற்கும் கூட்டத்தைக் காணுங்கால், அல்வாவுக்கு அதன் சுவை அறிந்த நாக்குகள் குறைவின்றி உள்ளன என்பது விளங்கும். ஆதலின் அதனைப் பற்றி நாம் கவலைகொள்ள வேண்டுவதில்லை.

கவலைக்குரியது மற்றொன்று. நெல்லையிலிருந்து மேற்கே, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், சேரன்மகாதேவிக்கு அருகே அமைந்துள்ளது பத்தமடை. சுவாமி சிவானந்தர் 1887ஆம் ஆண்டில் பிறந்த ஊர் அது. அவ்வூரின் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் கோரைப்பாய், 'பட்டுப்பாய்' எனப் பெயர் பெற்றது. 1953ஆம் ஆண்டில் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் அனுப்பப்பட்டதாக ஊரார் பெருமையுடன் கூறுவர். அரசியார்க்குச் சென்றது இருக்கட்டும்; அடுத்த ஊரிலிருக்கும் நம்முள் எத்துணைப் பேர் அதனைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம்?

கோரை ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் வளரும் புல் வகை. பச்சையாக அறுத்து, வெயிலில் உலர்த்தி, பின்னர் ஓடும் நீரில் நாட்கணக்கில் அமிழ்த்தி வைப்பர். நீரில் ஊறிய தண்டு பருத்து மென்மையடையும். அதன்பின் அதனைக் கீறி, உள்ளீட்டை நீக்கி, மேற்புறத்துத் தோலை மெல்லிய இழைகளாக வகிர்ந்தெடுப்பர். தண்டின் மென்மையான உள்ளீட்டுக்குத் தமிழில் 'சோறு' என்று பெயர். கற்றாழைச் சோறு, பனஞ்சோறு என்னும் வழக்குகளை நோக்குக. அல்வா செய்பவர் சக்கையைக் கழித்து உள்ளிருக்கும் பாலைக் கொள்கிறார். பாய் நெய்பவர் சோற்றைக் கழித்து மேலிருக்கும் தோலைக் கொள்கிறார். முறை தலைகீழாயினும் இருவர்க்கும் முதல் ஆசான் தண்ணீரே.

சாதாரணப் பாயில் கோரை முழுத்தண்டாகவோ பருமனாகவோ இருக்கும். பட்டுப்பாயிலோ வகிர்ந்த இழை நூலளவுக்கு மெலிந்துவிடும். பாவாகப் பருத்தி நூலோ பட்டு நூலோ நிற்கும். ஊடையாகக் கோரை இழை செல்லும். தறியும் எளியதே. தரையை ஒட்டிப் பாவை நீட்டி, மூங்கில்களால் உயர்த்திக் கட்டி, அதன்முன் அமர்ந்து நெய்வர். குச்சியின் முனையில் இழையைப் பற்றிப் பாவுக்கிடையே செலுத்தி, அச்சினால் நெருக்கித் தட்டுவர். ஒவ்வோர் இழையும் இவ்வாறே செல்லவேண்டும். எந்திரத் தறியில் நாடா ஓடும் வேகத்தை இங்கு எதிர்பார்த்தல் இயலாது. பாவு நூல்களின் நெருக்கத்தை எண்ணால் குறிப்பர். எண் மிகமிகப் பாய் நுட்பமாகும். மிகச் சிறந்த பாய்களில் அவ்வெண் 100ஐக் கடந்து 140 வரை செல்லும். அத்தகைய பாய் துணியைப் போலத் துவளும். நெய்து முடிக்க வாரங்கள் பல செல்லும்.

வண்ணத்தைப் பற்றியும் சிறிது கூறுதல் தகும். முற்காலத்தில் சப்பங்கு மரக்கட்டையைக் கொதிக்கவைத்துச் சிவப்புச் சாயம் எடுத்தனர். இன்று கடைச் சாயங்களே பெரிதும் பயன்படுகின்றன. சிவப்பும் பச்சையும் கறுப்பும் கலந்த பட்டைகள் ஓரங்களில் ஓடுவது பழைய அமைப்பு. நடுப்பகுதியைக் கோரையின் இயற்கை நிறத்திலேயே விட்டுவிடுவர். அணி குறைவாக இருத்தலே அழகு என்பதை ஏட்டுக் கல்வியின்றியே உணர்ந்த கைகள் அவை.

மணப்பாயில் மணமக்களின் பெயரையும் மணநாளையும் நெய்து தருவது இவ்வூரின் தனிச்சிறப்பு. தமிழ்த்துறையினராகிய நாம் இங்குச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். தமிழ் எழுத்துக்கள் வளைவும் சுழியும் நிறைந்தவை. பாவும் ஊடையும் தருவதோ கட்டங்கள் மட்டுமே. 'ழ'கரத்தின் சுழியையும் 'ஐ'காரத்தின் வளைவையும் படிப்படியான கட்டங்களாக்கி, இத்தனையாவது இழையில் நிறம் தோன்றவேண்டும், இத்தனையாவதில் மறையவேண்டும் என எண்ணிச் செல்வது எளிய செயலன்று. ஓர் எழுத்து பிழையின் அப்பகுதியையே பிரித்து நெய்ய நேரும். நம் கையெழுத்துப் படிகளைத் திருத்துவது இதனினும் எளிது!

முஸ்லிம் கைகள் நெய்த இப்பாயில் நெல்லை வட்டாரத்து இந்துக் குடும்பங்களின் மணமக்களும் அமர்ந்தனர் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. நல்லிணக்கம் என்னும் சொல் மேடைகளில் முழங்குவதற்கு நெடுநாள் முன்னரே அது இவ்வாறு வீடுகளில் விரிக்கப்பட்டிருந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரிப்பற்ற பாயில் படுத்திருந்தபோது, அப்பாயின் தழும்பு அன்னாரின் திருமேனியில் பதிந்திருக்கக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்கலங்கிய செய்தியை ஹதீஸ் நூல்கள் உரைக்கின்றன. எளிமையின் அடையாளமாகிய பாயைப் பட்டின் மென்மைக்குக் கொண்டுசெல்வது முறையா எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். தக்க வினாவே அது. ஆயினும், பட்டுப்பாயின் மென்மை பெரும்பாலும் விலையுயர்ந்த பொருளால் வந்ததன்று. ஆற்றங்கரைப் புல்லின்மேல் மனித உழைப்பு படிந்து விளைந்த மென்மை அது. அதனை ஆடம்பரம் என்பதினும் உழைப்பு என்பதே பொருந்தும்.

அவ்வுழைப்புக்குரிய கூலி கிடைக்கிறதா என்பதே இன்றைய வினா. இத்தொழிலில் இன்று பெரும்பங்கு பெண்களுடையது. வீட்டுப் பணிகளுக்கிடையே நெய்கின்றனர். நுண்பாய் ஒன்றுக்குச் செல்லும் நாட்களில் பருமனான பாய்கள் பலவற்றை நெய்து விற்றுவிடலாம். வாங்குபவர் இரண்டையும் 'பாய்' என்ற ஒரே விலைக்கண்ணால் நோக்குவாராயின், நுண்பாய் நெய்பவர் நட்டமடைவார். அடுத்த முறை அதனை நெய்யார். அவர் மகள் அதனைக் கற்கவே மாட்டார். அங்காடியில் பிளாஸ்டிக் பாயும் விசைத்தறிக் கோரைப்பாயும் குவிந்துள்ளன. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஊர்ப்பெயரைப் பிறர் கவர்ந்துகொள்ளாதவாறு அக்குறியீடு காக்கும். வாங்குபவர் விரலுக்கு நுட்பத்தை அறியும் ஆற்றலை அது தந்துவிடாது. அதனை நாமே பழகிக்கொள்ளல் வேண்டும்.

பழகுதல் கடினமன்று. பாயின்மீது உள்ளங்கையை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தடவிப் பார்க்கலாம். பருமனான பாயில் வரப்பு வரப்பாகத் தட்டுப்படும், நுண்பாயில் கை வழுக்கிச் செல்லும். ஒரு விரலின் அகலத்துள் எத்தனை பாவு நூல்கள் உள்ளன என எண்ணலாம். பின்னர்ப் பாயைப் புரட்டவேண்டும். சாயமிட்ட கோரையால் நெய்த பட்டை இருபுறமும் தெரியும். மேலே அச்சிட்ட வண்ணம் ஒருபுறமே நிற்கும். பாவு நூல் பருத்தியா, பட்டா, நைலான் இழையா என ஓரத்தில் நோக்கினால் விளங்கும். நைலானாயின் அது பெரும்பாலும் விசைத்தறிச் சரக்காகும். இவ்வளவும் அறிந்தபின் விலையைக் கேட்டால், அவ்விலை மிகுதியாகத் தோன்றாது.

அடுத்த முறை நெல்லைக்குச் செல்வோர் அல்வாக் கடையோடு திரும்பிவிடாமல், அம்பாசமுத்திரம் செல்லும் பேருந்தில் ஏறிப் பத்தமடையில் இறங்கலாம். வருவோர்க்கு முதலில் காட்டுவது விரைவில் விற்கும் பாய்களும் கைப்பைகளுமே. மிக நுட்பமான பாய் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது, சொல்லிவைத்தே பெறவேண்டும். மணப்பாய் வேண்டுவோர் மணநாளுக்குச் சில மாதங்கள் முன்னரே சென்று, மணமக்களின் பெயர்களைப் பெரிய எழுத்தில் பிழையின்றி எழுதிக் கொடுத்து வருதல் நலம்.