கரும்பு: எத்தனை கரணை போட்டோம் என்பதா முக்கியம்?

நம்ம கூட்டமைப்பில் விவசாயத்துக்குன்னு கடன் வாங்குறவங்களில் சிலர் கரும்பு வைக்கிறாங்க. கீரனூர் பக்கம் கண்மாய்த் தண்ணியை மட்டும் நம்பிக் கரும்பு வைக்க முடியாது, போர் வேணும். பத்துப் பன்னிரண்டு மாசம் நிக்கிற பயிர். வெட்டி ஆலையில் பணம் வரும் வரைக்கும் கடன் தவணையை வேற வருமானத்தில்தான் கட்டணும். அதனால செலவு எங்கே வீணாகுதுன்னு முதலில் பார்ப்போம்.

முதல் செலவு விதைக்கரணை. வழக்கமான முறையில் ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணை, அதாவது 60,000 பரு. எடை 3, 4 டன் வரும். இரண்டரை, மூன்று அடி பாரில் நெருக்கமா வைக்கிறோம். முளைக்கிறது எல்லாம் கரும்பா ஆகிறதில்லை. வெயிலுக்கும் சத்துக்கும் ஒண்ணோட ஒண்ணு போட்டி போட்டு, பாதிக்குப் பாதி தூர் இளசிலேயே காய்ஞ்சு போகுது. காசு கொடுத்து வாங்கின கரணை சோகையாப் போகுது.

இதை மாத்தத்தான் 2009ல் ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனமும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பும் சேர்ந்து ஒரு கையேடு வெளியிட்டாங்க. தமிழ்நாட்டில் இதை நீடித்த நவீன கரும்பு சாகுபடி என்கிறோம். ஆறேழு மாச விதைக்கரும்பிலிருந்து பருவை மட்டும் சீவி எடுத்து, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில், நிழல்வலைக்குள் வளர்க்கணும். 25 முதல் 35 நாள் நாற்றை வரிசைக்கு 5 அடி, நாற்றுக்கு 2 அடி இடைவெளியில் நடணும். ஏக்கருக்கு 5,000 நாற்று போதும். ஒரு தூரில் 8 கரும்பு நின்னாலே 40,000 கரும்பு. ஒண்ணு ஒரு கிலோன்னு வைச்சாலும் 40 டன்.

5 அடி இடைவெளியைப் பார்த்து "நிலம் சும்மா கிடக்கே"ன்னு வீட்டில் சத்தம் போடுவாங்க. அந்த இடத்தில் முதல் மூணு மாசம் உளுந்தோ பாசிப்பயறோ விதைக்கலாம். தூர் கட்ட ஆரம்பிச்சதும் தாய்க்குருத்தைத் தரைக்கு ஓர் அங்குலம் மேல வெட்டிவிட்டா, பக்கத்தூர் எல்லாம் ஒரே சீரா வரும்.

அடுத்தது உரம். இதில்தான் நம்ம ஆளுங்க அதிகம் ஏமாறுறாங்க. யூரியா போட்டா பயிர் கரும்பச்சையாத் தெரியும், மனசு நிறையும். ஆனா நாலு மாசத்துக்கு மேல போடுற யூரியா தழையைத்தான் வளர்க்கும். கரும்பு சாயும், பூச்சி வரும், சாறில் சர்க்கரை குறையும். கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் தொழு உரம், நடும்போது சாலில் சூப்பர் பாஸ்பேட், பிறகு 30, 60, 90ஆம் நாளில் யூரியாவும் பொட்டாஷும் சேர்த்து மூணு தவணை. அத்தோடு நிறுத்திடணும். பொட்டாஷை விட்டுட்டு யூரியா மட்டும் போடுறது அரைச்சமையல் மாதிரி. தண்டு கெட்டிப்படவும் சர்க்கரை சேரவும் பொட்டாஷ் வேணும். அளவை மண் பரிசோதனை அட்டை பார்த்து முடிவு பண்ணுங்க. உரம் போட்டதும் மண் அணைச்சு மூடணும், இல்லேன்னா பாதி சத்து காத்தோட போயிடும். முன்னே யூரியாவில் வேப்பம்புண்ணாக்கு கலந்தோம். 2015 முதல் வேம்பு பூசின யூரியாதான் வருது, அந்த வேலை மிச்சம். சொட்டுநீர் இருந்தா உரத்தை அதிலேயே கரைச்சு இன்னும் சின்னச் சின்ன தவணையாக் கொடுக்கலாம்.

இன்னொரு விஷயம். உத்தரப் பிரதேசத்தில் 2020 முதல் மகளிர் குழுக்களே கரும்பு நாற்று வளர்த்து விக்கிறாங்க. 50 குழி உள்ள 100 தட்டு இருந்தா ஓர் ஏக்கர் நாற்று. நிலம் இல்லாத உறுப்பினர்களும் செய்யலாம். ஆனா வாங்குற ஆள் இல்லாம ஆரம்பிக்காதீங்க. 35 நாள் தாண்டினா வேர் தட்டுக்குள்ளேயே சுருண்டு நாற்று வீணாயிடும். குருங்குளம் அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலையின் கரும்பு அலுவலரைக் குழுவாகப் போய்ப் பார்த்து, எந்த ஊரில் எத்தனை ஏக்கர், எந்த ரகம், எந்த மாசம் நடவுன்னு கேட்டு எழுதிக்கிட்டு, அதுக்கு ஒரு மாசம் முன்னே தட்டு போடுங்க.